காரைக்குடி உணவுக்குழாய் அறுவைப் பயிற்சி வகுப்பு: எம்.எஸ். மாணவர்களுக்கான மதிப்பீடு

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொது அறுவை சிகிச்சை படிக்கும் மாணவருக்குக் குடலிறக்கமும் பித்தப்பையும் அப்பெண்டிக்ஸும் கைக்கு வந்துவிடும். உணவுக்குழாய் அப்படி வராது. கேள்வித்தாளில் தவறாமல் இருக்கும். தியேட்டரில் எப்போதாவது கண்ணில் படும். பட்டாலும் மூன்றாவது உதவியாளராக நின்று ரிட்ராக்டர் பிடிப்பதோடு சரி. இந்தக் குறையைப் போக்கத்தான் செட்டிநாட்டு வட்டாரத்து அறுவை மருத்துவர்கள் சிலர் சேர்ந்து, காரைக்குடி செக்காலைப் பக்கம் மண்டபம் எடுத்துச் சனி, ஞாயிறு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். ஒரு மேசைக்கு நால்வர், மேசைக்கு ஒரு பயிற்றுநர். இந்த ஏற்பாடு இரண்டு நாளும் குலையவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் நாள் முழுக்க உருப்படியானது. இரண்டாம் நாள் காலை, ஆட்டு உணவுக்குழாயில் மயோடமி (உட்சவ்வைத் துளைக்காமல் தசையை மட்டும் வெட்டுவது) பழகும் பகுதி, போக்குவரத்துச் செலவுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறது. அதிலும் திருத்தவேண்டிய ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. இரண்டாம் நாள் பிற்பகல் புற்றுநோய்ப் பகுதி ஏமாற்றம்.

இந்த மதிப்பீட்டுக்கு ஒரே அளவுகோல்தான்: அடுக்கு. உணவுக்குழாய்க்கு வெளிப்புறச் சவ்வு, அதாவது சீரோசா, கிடையாது. வெளியே இளகிய இணைப்புத் திசு, அதனுள் நீளவாட்டுத் தசை, அதனுள் வட்டத் தசை, பிறகு உட்சவ்வைத் தாங்கும் இணைப்பு அடுக்கான சப்மியூக்கோசா, கடைசியில் உட்சவ்வு. சிறுகுடலில் தையல் போட்டுப் பழகிய கை இங்கே ஏமாறுவது இதனால்தான். தையலைத் தாங்குவது சப்மியூக்கோசா. தசையை மட்டும் பிடித்த தையல் இழுத்ததும் நாரோடு நாராகக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். உணவுக்குழாயில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை ஏதோ ஓர் அடுக்கைத் தவறவிட்டதன் விளைவு. ஆகவே இதைக் கைக்கு உணர்த்துகிற பகுதிகள் தேறின, வாயால் மட்டும் சொல்லிப்போன பகுதிகள் தேறவில்லை என்றே எழுதியிருக்கிறோம்.

உடற்கூறு வகுப்பில் ஸ்லைடு குறைவு, டேப்பு அதிகம். ஆளுக்கொரு மூக்குக்குழாயைக் கொடுத்து, முன்பல்லிலிருந்து 15, 25, 40 செ.மீ. இடங்களில் மை வைக்கச் சொல்கிறார்கள். 15-இல் கிரைக்கோஃபாரின்ஜியஸ் என்ற மேல்சுருக்குத்தசை, 25-ஐ ஒட்டி மகாதமனி வளைவும் இடது மூச்சுக்கிளையும், 40-இல் இரைப்பைச் சந்திப்பு. புத்தகம் முதுகெலும்பை வைத்து எண்ணுகிறது: ஆறாவது கழுத்து எலும்பின் மட்டத்தில் தொடக்கம், பத்தாவது மார்பு எலும்பின் மட்டத்தில் உதரவிதானத் துளை, பதினொன்றாவதில் முடிவு, மொத்த நீளம் சுமார் 25 செ.மீ. எண்டோஸ்கோப்பி அறிக்கையோ பல்லிலிருந்து எண்ணும். இரண்டு கணக்கையும் இணைக்கத் தெரியாமல் எத்தனையோ பேர் வார்டு ரவுண்ட்ஸில் திணறுகிறார்கள். இங்கே துண்டுச் சீட்டில் ‘27 செ.மீ.யில் புண்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்து, பக்கத்தில் என்ன இருக்கிறது, அடுத்து எந்தப் பரிசோதனை, எந்தப் பக்கத்து மார்பைத் திறக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். மூச்சுக்கிளை ஒட்டியிருப்பதால் ப்ராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாயை உள்ளே பார்க்கும் சோதனை) செய்யாமல் அறுவை பற்றிப் பேசக்கூடாது. மகாதமனி வளைவு இடப்பக்கம் மறிப்பதால் வலது மார்பு வழியாகப் போகவேண்டும். இந்த ஒரு பயிற்சி பத்துப் பக்க வாசிப்புக்குச் சமம். கழுத்தில் உணவுக்குழாய் சற்று இடப்புறம் சாய்ந்திருப்பதால் அங்கே மட்டும் இடது கழுத்து வழி என்பதையும் இதே சீட்டு முறையில்தான் பதியவைத்தார்கள்.

தையல் இழுவைப் பயிற்சி எளிமையானது, ஆனால் மறக்காது. ஆட்டு உணவுக்குழாய்த் துண்டில் ஒரு தையல் தசையில் மட்டும், இன்னொன்று சப்மியூக்கோசாவையும் சேர்த்து. இரண்டையும் கொக்கித் தராசில் மாட்டி இழுக்கவேண்டும். முதலாவது சட்டென்று அறுத்துக்கொண்டு வருகிறது. இரண்டாவது நின்று பிடிக்கிறது. ஊசி போகும் ஆழத்தைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ரத்த ஓட்டத்தையும் நன்றாகவே நடத்தினார்கள். கழுத்தில் கீழ்த் தைராய்டு தமனி, மார்பில் மூச்சுக்கிளைத் தமனிகளும் மகாதமனியின் சிறு கிளைகளும், வயிற்றில் இடது இரைப்பைத் தமனியும் கீழ் உதரவிதானத் தமனியும். மார்புக் கிளைகள் சுவருக்குள் போவதற்கு முன்பே பலவாகப் பிரிந்துவிடுவதால் உணவுக்குழாயைச் சுற்றிலும் விடுவித்தாலும் அது எளிதில் கருகுவதில்லை. மார்பு நிணநாளம் வலப்பக்கம் அசைகஸ் சிரைக்கும் மகாதமனிக்கும் நடுவே ஏறி, ஐந்தாவது மார்பு எலும்பை ஒட்டி இடப்பக்கம் தாண்டுகிறது. அதனால் கீழே வெட்டுப்பட்டால் வலது மார்பிலும், மேலே வெட்டுப்பட்டால் இடது மார்பிலும் நிணநீர் சேரும். எந்தப் பக்கத்து டியூபில் பால்நிறம் வருகிறது என்பதை வைத்தே காயத்தின் உயரத்தை ஊகிக்கலாம் என்று சொன்ன பயிற்றுநருக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும்.

முதல் நாள் பிற்பகல், கத்தி எடுப்பதற்கு முந்தைய பரிசோதனைகள். பொதுவாக இத்தகைய வகுப்புகள் இதை அரைமணியில் முடித்துவிட்டு லேப்ராஸ்கோப் பெட்டிக்கு ஓடும். இங்கே அப்படிச் செய்யவில்லை. மானோமெட்ரி (விழுங்கும்போது உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) வண்ணப்படங்களை அச்சிட்டு மேசைக்கு ஒரு கட்டு கொடுத்து, வரிசையாக வாசிக்கச் சொன்னார்கள். 5 மி.லி. தண்ணீரைப் படுத்த நிலையில் பத்து முறை விழுங்கவைத்து எடுப்பது அடிப்படை. முதலில் பார்க்கவேண்டியது கீழ்ச்சுருக்குத்தசை தளர்கிறதா என்பது. அதன் அளவு ஐ.ஆர்.பி., விழுங்கும்போதும் அங்கே மிஞ்சும் அழுத்தம்; பொதுவாகப் பயன்படும் கருவியில் 15 மி.மீ. பாதரசத்துக்கு மேலே போனால் தளரவில்லை என்று பொருள். கருவிக்குக் கருவி இந்த வரம்பு மாறும் என்பதையும் மறக்காமல் சொன்னார்கள். தளராத சுருக்குத்தசையோடு மேலே அசைவே இல்லை என்றால் அக்கலேசியா (கீழ்ச்சுருக்குத்தசை திறக்காத நோய்) முதல் வகை; குழாய் முழுக்க ஒரே சமயத்தில் அழுத்தம் ஏறினால் இரண்டாம் வகை; முன்கூட்டிய இறுக்கம் வந்தால் மூன்றாம் வகை. சிகிச்சைக்கு மிக நன்றாக இணங்குவது இரண்டாம் வகை. மூன்றாம் வகையில் இறுக்கம் உயரமாகப் போவதால் நீளமான மயோடமி தேவை. ஆகவே 2008-இல் ஜப்பானில் இனூயே தொடங்கிய போயம் முறை, எண்டோஸ்கோப் வழியாக உள்ளிருந்தே தசையை வெட்டுவது, அங்கே பொருத்தம். மானோமெட்ரி முடிவுகளை வகைபிரிக்கும் சிகாகோ வகைப்பாட்டின், 2021-இல் வந்த நான்காம் பதிப்பு உட்கார்ந்த நிலையிலும் விழுங்கவைத்துப் பார்க்கச் சொல்வதைக் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள். பழைய பதிப்போடு நின்றுவிடவில்லை.

இந்தப் பகுதியில் மிகவும் பயனுள்ளது, பொய் அக்கலேசியா பற்றிய எச்சரிக்கை. வயது அறுபதைத் தாண்டியவர், சில மாதங்களாகத்தான் தொல்லை, எடை மளமளவென்று குறைகிறது என்றால், மானோமெட்ரியும் பேரியம் படமும் (பேரியம் கரைசலை விழுங்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே) அச்சு அசலாக அக்கலேசியா போலவே இருந்தாலும் இரைப்பையின் வாயில் புற்றுக்கட்டி ஒளிந்திருக்கலாம். எண்டோஸ்கோப்பை இரைப்பைக்குள் திருப்பிக் கார்டியாவைப் பார்க்கவேண்டும், சி.டி. எடுக்கவேண்டும். பேரியத்தில் உணவுக்குழாயின் கீழ்முனை பறவை அலகு போலக் கூம்பித் தெரிந்ததுமே முடிவு கட்டிவிடும் மாணவர்களுக்கு இது அவசியமான கடிவாளம். அறிகுறியைக் கேட்கும் முறைக்கும் நேரம் ஒதுக்கினார்கள். தோசை இறங்கவில்லை, கஞ்சி இறங்குகிறது, சில வாரத்தில் கஞ்சியும் சிரமம் என்றால் அடைப்பு வளர்கிறது. ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் சோறும் ஒரே மாதிரி நிற்கின்றன என்றால் அசைவுக் கோளாறு.

இரைப்பை அமிலம் மேலேறும் ரிஃப்ளக்ஸ் எனும் எரிச்சல் நோய்க்கு அறுவை செய்யுமுன் அமில அளவீடு: அமிலத்தைக் குறைக்கும் பி.பி.ஐ. மாத்திரையை ஏழு நாள் நிறுத்தி எடுக்கவேண்டும். நாளின் நேரத்தில் 6 சதவீதத்துக்கு மேல் அமிலம் ஏறி நின்றால் நோய் உறுதி, 4 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, நடுவில் இருந்தால் வேறு சான்று தேடவேண்டும். அதோடு மானோமெட்ரியும் கட்டாயம். அக்கலேசியாவில் தேங்கிய உணவு புளித்து நெஞ்செரிச்சல் தருவதுண்டு. அதை ரிஃப்ளக்ஸ் என்று நம்பி முழுச்சுற்று ஃபண்டோப்ளிகேஷன் (இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைப்பது) போட்டுவிட்டால் கொஞ்சம் இறங்கிக்கொண்டிருந்ததும் நின்றுபோகும். இந்தக் காரணத்தை விளக்கிச் சொன்னதால் விதி மனத்தில் நிற்கிறது.

இரண்டாம் நாள் காலைக்கு வருவோம்.

காரைக்குடியில் ஆட்டிறைச்சிக் கடைக்குப் பஞ்சமில்லை என்பதால் உறுப்புகள் அன்றைக்குக் காலையில் வெட்டியவையே கிடைக்கின்றன. கடைக்காரரிடம் முதல்நாளே சொல்லி, இரைப்பையின் ஒரு பகுதியும் உதரவிதான விளிம்பும் ஒட்டியிருக்க, மார்புப் பகுதி உணவுக்குழாயைக் கையகல நீளத்துக்குக் குறையாமல் வெட்டி வாங்கியிருக்கிறார்கள். வந்ததும் குழாய்த் தண்ணீரில் உள்ளே அலசி, குளிர்ந்த சலைனில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஃப்ரீசரில் வைக்கவில்லை, அது மிகச் சரி. உறைந்து இளகிய திசுவில் நீர் கசிந்து அடுக்குகள் தாமாகவே பிரிந்து நிற்கும், அதில் பழகுவது வீண்.

செய்முறை இப்படி. உணவுக்குழாயைத் தக்கைப் பலகையில் குண்டூசியால் இறுக்கி, உள்ளே தடிமனான குழாயை நுழைத்துச் சுவரை விறைப்பாக்கவேண்டும். மேல்பரப்பின் கொழுப்பைத் துடைத்ததும் முன்பக்க வேகஸ் நரம்பை இனம்கண்டு பக்கவாட்டில் ஒதுக்கவேண்டும். மனிதரில் இடது வேகஸ் முன்னாலும் வலது வேகஸ் பின்னாலும் வருவதை இங்கே மறுபடி கேட்கிறார்கள். சந்திப்புக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே தொடங்கி, முதலில் நீளவாட்டு நாரைப் பிளக்கவேண்டும். அது நாரின் திசையிலேயே பிரிவதால் சிரமம் இல்லை. அடுத்து வட்டத் தசை குறுக்கே தெரியும். அதில் ஒரு கற்றையை மட்டும் கொக்கியால் தூக்கி, உட்சவ்விலிருந்து விலக்கி, அப்புறம்தான் வெட்டவேண்டும். வெட்டிய இடத்தில் வெள்ளையாக உட்சவ்வு பிதுங்கினால் தளம் கிடைத்துவிட்டது. தளம் கிடைத்தபின் மேல்நோக்கி 6 செ.மீ., கீழ்நோக்கி இரைப்பைமேல் 2 முதல் 3 செ.மீ. வெட்டிய தசை விளிம்புகளை இருபுறமும் பிரித்து, சுற்றளவில் பாதியளவுக்கு உட்சவ்வு வெளித்தெரிய விடவேண்டும். அப்படிப் பிரிக்காவிட்டால் விளிம்புகள் மறுபடி கூடிக்கொள்ளும்.

முடித்ததும் கசிவுச் சோதனை. இரு முனையையும் கட்டி, 50 மி.லி. சிரிஞ்சில் காற்றை ஏற்றித் தண்ணீருக்குள் அமுக்கினால் துளை இருக்கும் இடத்தில் குமிழி வரும். மெத்திலீன் நீலம் கலந்த நீரை ஏற்றினாலும் நுண்துளை காட்டிக்கொடுத்துவிடும். துளை விழுந்தால் மெல்லிய கரையும் நூலில் ஒன்றிரண்டு தையல் போட்டு, அந்தப் பக்கத்தை இரைப்பை மடிப்பால் மூடுவது வழக்கம். முன்பக்க 180 பாகை டோர் மடிப்பு இதற்கும் சேர்த்து உதவுகிறது. இவை எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் தம் கையாலேயே செய்தார்கள்.

இங்கே என்ன குறை என்றால், ஆடு அசைபோடும் விலங்கு. அதன் உணவுக்குழாய் முழுநீளமும் வரித்தசை. மனிதரில் மேல்பகுதி மட்டும் வரித்தசை, கீழே வர வர வழுவழுப்பான தன்னியக்கத் தசை. முரட்டுத் தீவனம் போய் வருவதற்காக ஆட்டின் உட்சவ்வு கெரட்டின் படிந்து தடித்தது. தசையிலிருந்து உறை கழற்றுவதைப் போல எளிதாகப் பிரிந்துவிடும். மனிதரில், அதிலும் ஏற்கெனவே போட்டாக்ஸ் ஊசியோ பலூன் விரிவாக்கமோ செய்த நோயாளியிடம், தசையும் உட்சவ்வும் வடுவால் ஒட்டிக்கிடக்கும். ஆகவே ஆட்டில் துளை விழாததை வைத்து யாரும் தைரியம் கொள்ளக்கூடாது. இதைவிட முக்கியமானது சந்திப்பு. மனித மயோடமியில் உட்சவ்வு கிழிவதற்கு மிகவும் வாய்ப்புள்ள இடம் சந்திப்புக்குச் சற்றுக் கீழே, இரைப்பைப் பக்கம். அங்கே வட்ட நாரின் ஒழுங்கு மாறிச் சாய்வான நார்கள் குறுக்கிடும், உட்சவ்வு மெல்லியது, தளம் மங்கிவிடும். பயந்து அங்கே நிறுத்திவிட்டால் விழுங்கும் தொல்லை தீராது. மயோடமி தோற்பதற்கு முக்கியமான காரணம் இரைப்பைப் பக்க வெட்டு குறைந்துபோவதுதான். ஆட்டு உணவுக்குழாயோ நான்கு அறை வயிற்றின் முன்னறைகளில் போய்த் திறக்கிறது. அந்தக் கீழ் இரண்டு செ.மீ. பாடம் இதில் இல்லவே இல்லை.

தீர்வு உண்டு. மேல்பகுதி தளம் பிரிப்பதற்கு ஆடு போதும், மலிவு. சந்திப்புக்கு மட்டும் பன்றி உறுப்பு வேண்டும். அதன் இரைப்பை மனிதரைப் போல ஒற்றை அறை. மேசைக்கு ஒன்று கிடைத்தாலும் போதும். அது முடியாது என்றால், ஆட்டில் இல்லாதது இன்னது என்று பலகையில் எழுதியாவது தொடங்கவேண்டும். எங்கள் மேசைப் பயிற்றுநர் கேட்டபிறகு தெளிவாக விளக்கினார். கேட்காத மேசைக்கு இந்த விளக்கம் போய்ச் சேர்ந்திருக்காது. மின்கத்தியைப் பற்றியும் ஒரு சொல். உட்சவ்வில் சிறு ரத்தக்கசிவு வந்தால் துணி வைத்து அமுக்கிக் காத்திருக்கவேண்டும், சுடக்கூடாது. அன்றைக்குத் தெரியாத சூடு சில நாள் கழித்துத் துளையாகும். ஆட்டுத் திசுவில் ரத்தம் வராததால் இந்தப் பொறுமையைப் பழக வழியில்லை. இதையும் சொல்லித்தான் கொடுக்கவேண்டும்.

ஃபண்டோப்ளிகேஷன் பெட்டிப் பயிற்சி சுமார். சிலிகான் இரைப்பையைப் பெட்டிக்குள் வைத்து, உணவுக்குழாய்க்குப் பின்னால் மடிப்பை இழுத்து, முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்து, 56 முதல் 60 ஃப்ரெஞ்ச் தடிமனுள்ள பூஜி (அளவுக்கு வைக்கும் குழாய்) உள்ளே இருக்க, 2 செ.மீ. நீளத்துக்கு மட்டும் தளர்வாகத் தைக்கவேண்டும். முடிச்சுப் பழகுவதற்கு நல்லது. ஆனால் நிஸன் மடிப்பில், அதாவது இந்த முழுச்சுற்று மடிப்பில், கஷ்டமே மண்ணீரல் பக்கத்துக் குட்டை இரைப்பை நாளங்களைப் பிரிப்பதும், உதரவிதானத் துளையைப் பின்னால் தைத்து அளவாக இறுக்குவதும், உணவுக்குழாயை 2 முதல் 3 செ.மீ. இழுவையில்லாமல் வயிற்றுக்குள் கொண்டுவருவதும்தான். சிலிகானில் நாளமும் இல்லை, இழுவையும் இல்லை. மடிப்பு மேலே நழுவுவதும் முறுக்கிக்கொள்வதும் இந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன. பெட்டிக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை அறுவைக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பேசுவதற்குக் கொடுத்திருக்கலாம்.

அவசர சிகிச்சை அமர்வு இந்த ஊருக்கென்றே தைத்தது போல அமைந்திருந்தது. நாட்டுக்கோழி எலும்பும் மீன் முள்ளும் ஆட்டு எலும்புச் சில்லும் விருந்து நாளின் இரவில் கேஷுவாலிட்டிக்கு வரும் சிக்கல்கள். சோற்று உருண்டையை விழுங்கச் சொல்லி அனுப்பும் பழக்கம் வீட்டோடு நிற்பதில்லை. அனுபவமில்லாத டியூட்டி மருத்துவரும் சொல்லிவிடுகிறார். கூர்மையான எலும்பை உருண்டை உள்ளே அழுத்திச் சுவரைக் குத்தவைக்கும். எச்சில்கூட இறங்காத முழு அடைப்பு, கூர்மையான பொருள், பட்டன் பேட்டரி மூன்றுக்கும் இரண்டு மணி நேரத்துக்குள், பிந்தினாலும் ஆறு மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி. மற்றவற்றுக்கு 24 மணி நேரம் அவகாசம். எலும்பை எடுக்கும்போது ஓவர்டியூப் (எண்டோஸ்கோப்பின் மேல் போடும் பாதுகாப்புக் குழாய்) போட்டு, கூர்முனை பின்னால் வரும்படி திருப்பி இழுக்கவேண்டும். எடுத்தபிறகு வேலை முடிந்துவிடாது. இறைச்சித் துண்டு மீண்டும் மீண்டும் சிக்குகிறவரிடம் இரண்டு மட்டங்களிலிருந்து குறைந்தது ஆறு துண்டு திசு எடுக்கவேண்டும். நுண்ணோக்கியின் உயர்புலம் ஒன்றில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு 15-ஐத் தொட்டால் நோய் வேறு, ஈசினோஃபிலிக் உணவுக்குழாய் அழற்சி.

குழந்தை விழுங்கிய வட்டப் பொருள் காசா பேட்டரியா என்று எக்ஸ்ரேயில் பிரித்துப் பார்க்கவும் பழக்கினார்கள். பேட்டரிக்கு விளிம்பில் இரட்டை வளையம் தெரியும், பக்கவாட்டுப் படத்தில் படி தெரியும். 20 மி.மீ. லித்தியம் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் சுவரைக் காரத்தால் அரித்துவிடும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகவில்லை, விழுங்க முடிகிறது என்றால் எண்டோஸ்கோப்பிக்குக் கொண்டுபோகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன், அதிகபட்சம் ஆறு முறை. தேன் கொடுப்பதற்காகப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது. திருப்பத்தூரிலோ தேவகோட்டையிலோ இருக்கும் டியூட்டி மருத்துவருக்கு மதுரை போய்ச் சேரும் நேரம் ஒரு கணக்கு. அந்தக் கணக்கை வைத்தே இதைப் பேசியது பாராட்டத்தக்கது.

கழிவறை ஆசிடும் நகைப்பட்டறை அமிலமும் குடித்து வருவோருக்கு என்ன செய்யக்கூடாது என்பதை முதலில் சொன்னார்கள்: வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, எதிர்மருந்து என்று மோரோ எலுமிச்சையோ கொடுக்கக் கூடாது, கண்மூடித்தனமாக மூக்குக்குழாய் போடக் கூடாது. காரம் திசுவைக் கரைத்து ஆழமாக இறங்கும். அமிலம் மேலே பொருக்குத் தட்டும். அதனால் அமிலம் உணவுக்குழாயை விட்டுவைக்கும் என்ற பழைய நம்பிக்கை தவறு. எண்டோஸ்கோப்பியைப் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில், பிந்தினாலும் 48 மணிக்குள் முடித்துவிடவேண்டும். அதன்பின் திசு நைந்து துளைவிழும் அபாயம் ஏறும். தரம் பிரிக்க, சண்டிகர் பி.ஜி.ஐ.யிலிருந்து 1991-இல் வந்த ஜார்கர் வகைப்பாட்டைப் படங்களோடு கொடுத்தார்கள். 2ஏ வரை சுருக்கம் அரிது, 2பி-யிலிருந்து சுருக்கம் வரும் என்று எதிர்பார்த்து ஊட்டத்துக்கு வழி தேடவேண்டும்.

துளை விழுந்த உணவுக்குழாய் பற்றிய அரைமணிதான் அடுக்குப் பாடத்தின் உச்சம். டச்சு மருத்துவர் பூர்ஹாவே 1724-இல் எழுதியது, வாந்தியால் தானே கிழியும் வகை: வாந்தி, நெஞ்சுவலி, கழுத்துத் தோலுக்கடியில் நொறுநொறுவென்று காற்று. கிழிவது பெரும்பாலும் கீழ் முனையில், இடது பின்பக்கச் சுவரில். இன்று கருவியால் விழும் துளையே அதிகம். தைக்கும்போது நேரும் தவறு ஒன்றே ஒன்று: வெளியே தெரியும் தசைக் கிழிசலைவிட உள்ளே உட்சவ்வுக் கிழிசல் நீளமானது. தசையை மேலும் கீழும் திறந்து உட்சவ்வுக் கிழிசலின் இரு முனையையும் கண்ணால் பார்த்த பிறகே தைக்கத் தொடங்கவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் தையலுக்கு மேலே ஒரு மூலையில் கசிந்துகொண்டே இருக்கும். பிறகு இரண்டு அடுக்காகத் தைத்து, விலா இடைத் தசையால் போர்த்தி, வடிகுழாய் வைத்து, சிறுகுடலில் ஊட்டக்குழாய். இதை ஆட்டு உறுப்பிலேயே, வேண்டுமென்று கிழித்துவைத்து, ஒவ்வொருவருக்கும் செய்யக் கொடுத்திருக்கலாம். பயிற்றுநர் ஒருவர் செய்து காட்டியதோடு நின்றுவிட்டது வருத்தம். மயோடமிக்கு ஆடு பொருந்தாத இடத்தில்கூட இந்தப் பயிற்சிக்கு நன்றாகப் பொருந்தும்.

புற்றுநோய்ப் பகுதி அவசரத்தில் கரைந்தது. உணவுக்குழாயை அகற்றும் அறுவைகளுக்கு ஐவர் லூயிஸ் 1946, மெக்கியோன் 1976, ஆரிஞ்சர் 1978 என்று பெயரும் ஆண்டும் ஓடின. எந்த நோயாளிக்கு எது, ஏன் என்பது ஓடவில்லை. மிஞ்சிய உணவுக்குழாயையும் இரைப்பையையும் சேர்க்கும் இணைப்பை மார்புக்குள் போட்டால் கசிவு அரிது, வந்தால் ஆபத்து. கழுத்தில் போட்டால் கசிவு கூடுதல், ஆனால் கழுத்துக் காயத்தைத் திறந்துவிட்டுச் சமாளிக்கலாம், குரல்நாண் நரம்புக்கு மட்டும் அபாயம் கூடும். இந்த ஒப்பீட்டைச் சொல்லாமல் மூன்று அறுவைகளின் பெயரை மட்டும் சொல்வது தேர்வுக்குக்கூட உதவாது. அகற்றிய உணவுக்குழாய்க்குப் பதிலாக இரைப்பையைக் குழாயாக்குவது இரண்டே ஸ்லைடு. இரைப்பையின் பெரிய வளைவை ஒட்டி ஓடும் வலது கேஸ்ட்ரோஎப்பிப்ளோயிக் தமனியை நம்பி மற்றவற்றைக் கட்டிவிடுகிறோம்; ஆகவே இணைப்புக்குப் போகும் மேல்நுனிக்கு நேரடித் தமனி இல்லை, சுவருக்குள் ஓடும் நுண்நாளங்கள் மட்டுமே. கசிவு வருவது பெரும்பாலும் இதனால். நுனியைச் சற்று நறுக்கிவிடுவதும், இழுவையில்லாமல் கொண்டுபோவதும், குழாய் முறுக்கிக்கொள்ளாமல் பார்ப்பதும் இதிலிருந்துதான் புரியும்.

அறுவைக்கு முந்தைய சிகிச்சை பற்றி 2012-இன் கிராஸ் ஆய்வை மட்டும் சொன்னார்கள்: வாரம் ஒருமுறை ஐந்து வாரம் கார்போப்ளாட்டினும் பேக்லிடாக்சலும், கூடவே 23 தவணைகளில் 41.4 கிரே கதிர்வீச்சு. செதிள் செல் புற்றுக்கு அது இன்றும் பொருந்தும். நம் ஊரில் அதுவே அதிகம் என்பதால் தவறில்லை. ஆனால் கீழ்முனை அடினோகார்சினோமாவுக்கு ஃப்ளாட் என்ற கீமோ முறை மேல் என்று 2024-இல் அறிவிக்கப்பட்ட எசோபெக் ஆய்வைத் தொடவே இல்லை. அடுத்த தொகுதிக்குள் இந்த ஸ்லைடுகளை மாற்றியே ஆகவேண்டும்.

கையேடு தமிழும் ஆங்கிலமும் கலந்தது, படங்கள் பேனாவால் வரைந்தவை, தெளிவு. மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேர்த்தி; வாழை இலையில் சைவச் சாப்பாடு, நன்றாகவே இருந்தது. மண்டபத்தில் ஏ.சி. இல்லாததால் சித்திரை, வைகாசித் தொகுதிகளைத் தவிர்ப்பது நல்லது. உறுப்பும் சீக்கிரம் கெடும். சென்னையிலிருந்து வருவோர் வெள்ளிக்கிழமைப் பல்லவன் ரயிலில் இரவு வந்து இறங்கித் தங்கிக்கொள்வது வசதி. ஞாயிறு மாலை சான்றிதழுக்குக் காத்திருக்க நேரம் பிடிக்கும். அன்றே திரும்புவோர் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் தனியே தந்துவிடுகிறார்கள்.

எம்.எஸ். முதல் இரண்டு ஆண்டில் இருப்பவர்களும், தாலுகா மருத்துவமனையில் தனியாக இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களும் தயங்காமல் பதிவு செய்யலாம். ஹவுஸ் சர்ஜனுக்கு முதல் நாளும் அவசர சிகிச்சை அமர்வும் போதும், ஆனால் தனித்தனியாகப் பதிவு செய்ய வழியில்லை. அமைப்பாளர்கள் அந்த வழியைத் திறந்துவிடவேண்டும். மூன்றாம் ஆண்டில் புற்றுநோய் அறுவைக்காகவே வருவதாக இருந்தால் இந்தத் தொகுதி வேண்டாம். வருகிறவர்கள் சொந்த லூப் கண்ணாடி (அறுவைக்கான உருப்பெருக்கிக் கண்ணாடி) இருந்தால் எடுத்துவாருங்கள். மண்டபத்து வெளிச்சத்தில் வட்டத் தசையின் கடைசிக் கற்றை சரியாகத் தெரிவதில்லை. கையுறை அளவை முன்னதாகவே சொல்லிவிடுங்கள், ஆறரை அளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.